பூட்டுக்கடை ஐயா சொன்னது

இன்று பாடப்புத்தகத்தில் இருக்கும் எழுத்தாளர், இந்த நகரத்துக்கு வந்த புதிதில் என் அறையில்தான் தங்கினார். தங்கினார் என்பது மரியாதைக்குச் சொல்வது, நடந்தார். சுவருக்கும் சன்னலுக்கும் நடுவே அவர் நடந்த நடையில் தரை குழிந்து, கீழ்வீட்டுக்காரர் மின்விசிறியை இறக்கி மாட்ட வேண்டியதாயிற்று. எங்களுக்கு அவர் ‘நடையன்’.

நான் தினசரிக் காலண்டர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவன். அவரையும் அங்கே சேர்த்துவிட்டேன். தாளின் அடியில் நாளுக்கொரு பொன்மொழி வரும். அதைத் தேடிப் பிடிப்பது அவர் வேலை. உலகத்து ஞானிகள் அத்தனை பேரும் ஆகஸ்ட்டோடு தீர்ந்துபோனார்கள்.

“மிச்சத்தை நீயே எழுதிடு. ஆனா கீழே பேர் வேணும்,” என்றார் முதலாளி. “யார் சொன்னான்னு தெரியாத பேச்சை எவன் கேப்பான்?”

“யார் பேரைப் போட?”

முதலாளி மாடிப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். வீடு அங்கேதான். “என் மாமனார் பேரைப் போடு. மேல கொஞ்சம் சத்தம் குறையும்.”

மாமனார் பூட்டு வியாபாரி; ஊருக்கு அவர் ‘பூட்டுக்கடை ஐயா’. போய்ச் சேர்ந்து வெகுகாலம். இருந்தவரை வாயைத் திறந்ததே சாப்பிடத்தான். காலண்டரிலோ மனிதர் வெளுத்து வாங்கினார். பொறுமை, காதல், அவர் பார்த்தேயிராத கடல், ஒன்றையும் விடவில்லை. பள்ளிக்கூடச் சுவர்களில் ஏறினார். ஒரு நீதிபதி தீர்ப்பில் அவரை மேற்கோள் காட்டி ஒருவனை விடுதலையே செய்துவிட்டார்.

ஒருநாள் இயந்திரம் ஓடத் தயார். ஒரு தாளில் மட்டும் பொன்மொழி இடம் காலி. அவசரத்தில் நடையன், தன் நாவலுக்கென்று பொத்தி வைத்திருந்த முதல் வரியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்: ‘வாடகைக்கு இருப்பவனுக்குத் தூக்கம்கூடச் சொந்தமில்லை.’

நாவல் முடிந்தது. பதிப்பாளர் முதல் வரியிலேயே நிமிர்ந்தார்.

“தம்பி, இது பூட்டுக்கடை ஐயா சொன்னதாச்சே! எங்க வீட்டுச் சமையலறையில தொங்குது. அவங்க குடும்பத்துல சம்மதம் வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா புத்தகம் கிடையாது.”

“வேற வரி போட்டுத் தொலையேன்யா,” என்றேன் வெளியே வந்து.

“தலையை எடுத்துட்டு முண்டத்தையா அச்சடிக்கறது?” என்று தெருவிலும் நடக்க ஆரம்பித்தார்.

மாடிக்குப் போனோம். முதலாளி எங்களைப் பார்த்ததும் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார்.

“அம்மா, அந்த வரி நான் எழுதினது,” என்றார் நடையன்.

“எங்கப்பா சொன்னது. என் காதாலயே கேட்டிருக்கேன்,” என்றார் முதலாளியம்மா.

“அவர் வாடகைக்கு இருந்ததே இல்லையேம்மா. ஊர் முழுக்க அவருக்கு வீடு!”

“அதனாலதான் வாடகைக்காரங்க மேல அவருக்கு அவ்ளோ இரக்கம்.”

செய்தித்தாள் குலுங்கியது. நடையன் கூடத்தைச் சுற்றி வந்தார். சட்டென்று நின்றார், அவர் நின்று நான் பார்த்தது அப்போதுதான்.

“காலண்டரை விடுங்கம்மா. அப்பா உங்ககிட்ட நெஜமா என்ன சொல்வாரு?”

அம்மா யோசித்தார். முகம் மெல்ல இளகியது.

“சாப்பிட உக்காந்தா, ‘கதவைச் சாத்தும்மா, ஈ வருது’ம்பாரு.” முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். “அதை உன் புத்தகத்துல போடு. உன் வரியை எடுத்துக்கோ. ஆனா அதுவும் எங்கப்பா சொன்னதுதான்.”

கதவைச் சாத்தச் சொன்ன அந்தப் பேச்சே நாவலின் கடைசி வரியாயிற்று.

புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. ஈ என்பது அதிகாரம் என்றார் ஒரு விமர்சகர். காலம் என்றார் இன்னொருவர்; இருவரும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. முதல் வரியை மட்டும், பூட்டுக்கடை ஐயாவிடம் இரவல் வாங்கியது என்று எல்லோரும் பெருந்தன்மையாக மன்னித்தார்கள்.

தலை நரைத்தபின் நடையனுக்குப் பாராட்டு விழா. “இன்னிக்கு உண்மையைச் சொல்லிடப் போறேன்டா,” என்றார் என்னிடம், மேடைக்குப் பின்னால் நடந்தபடி. முதல் வரிசையில் சக்கர நாற்காலியில் முதலாளியம்மா. பேச்சாளர் வழக்கம்போல் முதல் வரியைப் பூட்டுக்கடை ஐயாவுக்குக் கொடுத்தபோது, அந்தம்மா பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாகச் சொன்னார்: “எங்கப்பா.”

நடையன் எழுந்தார். ஒலிவாங்கிவரை வந்தார். அந்தம்மாவைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று மேடையை விட்டு இறங்கி, அரங்கின் நடுவே நடந்து, வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

அரங்கமே எழுந்து கைதட்டியது. விமர்சகர்கள் இருவரும் கண்கலங்கினார்கள்.

“உண்மையைச் சொல்லலையா?” என்று கேட்டேன்.

“ஈ வருதுடா,” என்றார், காதோரம் விரட்டிக்கொண்டே. “நெஜமாவே ஈ.”