பதினொரு நொடி

என் தங்கை புருஷனை எல்லாருக்கும் பிடிக்கும். தெருவில் யார் வீடு மாற்றினாலும் முதல் ஆளாய்ப் போய் பீரோவைத் தோளில் தூக்குவான். எனக்கும் அவனைப் பிடித்திருந்தது. அதை மறைத்துவிட்டு மீதியைச் சொன்னால் நான் பொய்க்காரி.

நம்மைக் கேட்காமலே மூளை எப்படி இதயத்தையும் மூச்சையும் நடத்துகிறது என்று ஆராய்வது என் வேலை. பதினாறு வருடமாக அதே பிழைப்பு. போன வருடம் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அப்படி என்னதான்க்கா ஆராய்ச்சி பண்றீங்க?" என்று அவன் கேட்டான். என்னை யாரும் அப்படிக் கேட்பதில்லை. தலைகால் புரியாமல் எழுந்துபோய் அவன் கழுத்தில் விரலை வைத்தேன்.

"இங்க அழுத்தினா, ரத்த அழுத்தம் ஏறிடுச்சுன்னு மூளை ஏமாந்துபோகும். இதயத்தைப் பிடிச்சு நிறுத்தப் பாக்கும்."

அவன் தானே தடவிப் பார்த்துக்கொண்டான். என் தங்கை சிரித்தாள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவள் என் ஆய்வகத்துக்கு வந்து நின்றாள். அந்தப் புழுக்கத்திலும் கழுத்தைச் சுற்றித் துணி. ஒரே வாரத்தில் இரண்டு தடவை மயங்கி விழுந்தாளாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே அவள் நெஞ்சில் கம்பிகளை ஒட்டி, மூச்சை அளக்கும் பட்டையைக் கட்டினேன். பிறகு கழுத்துத் துணியை அவிழ்த்தேன். தாடைக்குக் கீழே கட்டைவிரல் அளவுக்கு ஒரு நீலம்.

"நீ அன்னைக்குத் தொட்டுக் காட்டினியே, அந்த இடம்தான்க்கா. மூஞ்சியில அடிச்சா வெளிய தெரியுதுன்னு இப்பெல்லாம் அங்கதான் அழுத்துறாரு. விழுந்ததும் தண்ணி தெளிச்சு அவரே எழுப்பிடுவாரு."

காவல் நிலையத்துக்குப் பேச பக்கத்து அறைக்குப் போனேன். நடுவில் கண்ணாடிச் சுவர். என் மேசையில் அவளுடைய இதயமும் மூச்சும் ஓடும் திரை. மறுமுனையில் ஒரு பெண் அதிகாரியிடம் விலாசம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் இருந்த அறைக்குள் அவன் வந்தான். வீட்டு மனுஷன்தானே என்று காவலாளி விட்டிருக்கிறார்.

கதவைக் காலால் சாத்தினான். கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டான், அவள் நாற்காலியோடு சாய்ந்தாள். முடியைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் மோதினான். இடது கை அவள் வாயைப் பொத்தியது. வலது கட்டைவிரல் தேடவே இல்லை, நேராக அந்த இடத்துக்குப் போனது.

என் கண் திரைக்குப் போனது. மூச்சுக் கோடு முதலில் படுத்தது. நூற்று முப்பதில் ஓடிய இதயம் ஐம்பதுக்கு வந்தது, முப்பதுக்கு வந்தது, அப்புறம் ஒன்றுமில்லை. ஏதாவது நடந்தால் உடனே பதிவில் கோடு போடும் அடையாளப் பொத்தானை அழுத்து என்று மாணவர்களிடம் தொண்டை வறளக் கத்துகிறவள் நான். என் விரல் அதை அழுத்தியது. எவ்வளவு சுத்தமான பதிவு என்று நினைத்தேன்.

அவள் கால்கள் துவள்வதைக் கண்ட பிறகுதான் ஓடினேன். வாயு உருளையைத் திறக்கும் கனத்த இரும்புச் சாவி கைக்கு அகப்பட்டது. முதல் அடியில் அவன் முழங்கை உடைந்த சத்தம் கேட்டது. அவன் திரும்பி விட்ட குத்தில் என் பல் இரண்டு நாக்கில் விழுந்தன. துப்பிவிட்டு முட்டியில் அடித்தேன். விழுந்தான். விழுந்தவனையும் அடித்தேன், வாய் கிழியும்வரை அடித்தேன். வெறியில் செய்ததாகச் சொல்லமாட்டேன், எண்ணி எண்ணித்தான் அடித்தேன். காவலாளி வந்து என் இடுப்பைப் பிடித்து இழுத்தார்.

தரையில் கிடந்தவளுக்கு இதயம் திரும்பியிருக்கவில்லை. நெஞ்சில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்தினேன். அவள் விலா என் உள்ளங்கைக்கு அடியில் முறிந்தது. விடாமல் அழுத்தினேன். ஒரு வழியாக இருமிக்கொண்டு மூச்சை இழுத்தாள்.

நான்காம் நாள் அந்தப் பெண் அதிகாரி, அச்செடுத்த பதிவோடு மருத்துவமனைக்கு வந்தார்.

"இவ்வளவு தெளிவான சாட்சி நான் பாத்ததில்லம்மா. அவன் தப்பவே முடியாது."

தங்கை அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். அடியில் நொடிகள் வரிசையாக அச்சாகியிருந்தன. அவள் விரல் ஒரு செங்குத்துக் கோட்டில் நின்றது.

"இது என்னக்கா?"

"நான் பொத்தானை அழுத்தின இடம்."

விரல் மெல்ல நகர்ந்து, கம்பிகள் பிடுங்கிக்கொண்டு எல்லாம் கலைந்துபோன இடத்துக்கு வந்தது.

"இது நீ அவரை அடிச்சப்பவா?"

"ஆமா."

"நடுவுல பதினோரு செகண்ட் இருக்கேக்கா."

பயத்தில் கைகால் ஓடவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். நான் சொன்ன எதைத்தான் அவள் நம்பாமல் இருந்திருக்கிறாள்?

"பாத்துக்கிட்டிருந்தேன்."

"என்னையா?"

"இல்ல. திரைய."

அவள் தாளை நான்காக மடித்து அதிகாரியிடம் கொடுத்தாள். உடைந்த விலா வலிக்கத்தான் செய்திருக்கும். இருந்தாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.