கரன்ட் எப்படி வந்துச்சு சார்?

பதுருன்னிசா ஆறு வருஷம் பீங்கான் யூனிட்டில் ஃபியூஸ் கட்டை செய்தாள். களிமண்ணை அச்சில் அழுத்தி, விளிம்பைச் சீவி, பலகையில் அடுக்கிக் காயவைக்கிற வேலை. ஒருநாள் அவள் வீட்டில் கரன்ட் போனது. வந்த எலக்ட்ரீசியன் மீட்டர் பெட்டியிலிருந்து கட்டையைப் பிடுங்கி, முடி அளவு கம்பி ஒன்றை மாற்றி மறுபடியும் சொருகினான். “பொம்பளைங்க இதையெல்லாம் தொடக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தக் கட்டையின் முதுகில் அவள் யூனிட்டின் முத்திரை இருந்தது.

அந்தக் கோபத்தில்தான் இருபத்தொன்பது வயதில் சமுதாயக் கல்லூரிக்குப் போய் எலக்ட்ரிகல் வயரிங் படிப்புக்கு விண்ணப்பம் போட்டாள். குவைத்தில் இருந்த அவள் கணவன் சஹீர் போனில் சிரித்தான். “படி, படி. நான் வந்ததும் நம்ம வூட்டு ஃபேன நீயே மாட்டு” என்றான்.

வகுப்பில் பதினாறு பேர். பெண்கள் இரண்டே பேர். இன்னொருத்தி சண்முகப்ரியா, திட்டக்குடியைத் தாண்டி இருக்கும் மங்களூரின் விவசாயி பச்சமுத்துவின் மகள், இருபது வயது. எதைத் தொடும் முன்பும் டெஸ்டரை வைத்துப் பார்ப்பாள். பையன்கள் கேலி செய்தால், “எங்கப்பாவுக்கு நான் ஒருத்திதான்டா” என்பாள். பதுருன்னிசா காலையில் புர்காவை மடித்துப் பையில் வைத்துவிட்டு, தலைத்துணியை இறுக்கி முடிந்துகொண்டு ஏணியைப் பிடிப்பாள். சண்முகப்ரியா மேலே ஏறுவாள். சில நாள் மாற்றி.

சொல்லிக்கொடுத்தவர் நடராசன் சார். நன்றாகச் சொல்லிக்கொடுப்பார். “கட்டைய புடுங்கினா மட்டும் போதாது. புடுங்கின கட்டைய கையோட வச்சிக்கணும். போர்டு மேல வச்சிட்டுப் போனா எவனாவது மாட்டிட்டுப் போயிடுவான்” என்று முதல் வாரமே சொன்னார். பதுருன்னிசா அதை நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக்கொண்டாள்.

ஐந்தாம் மாதத்திலிருந்து வகுப்பு கல்லூரியில் நடக்கவில்லை. தாளாளர் கொளஞ்சிநாதன் ஸ்ரீமுஷ்ணம் சாலையில் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். பதினாறு பேரையும் வேனில் ஏற்றி அங்கே கொண்டுபோய் விட்டார்கள். “செய்முறைப் பயிற்சி” என்றார்கள். சுவரைக் கொத்திப் பைப் புதைப்பது, வயர் இழுப்பது, சுவிட்சுப் பெட்டி பதிப்பது எல்லாம் மாணவர்கள்தான். ஹெல்மெட் கிடையாது, கையுறை கிடையாது. கேட்டதற்கு, “வெளியில போனா எவன் ஒங்களுக்கு இவ்வளவு பெரிய பில்டிங்க தொட வுடுவான்?” என்றார் கொளஞ்சிநாதன். அதுவும் ஒருவிதத்தில் உண்மைதான் என்று பதுருன்னிசாவே அப்போது நினைத்தாள். பின்னால் அதை நினைத்தபோதெல்லாம் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

அன்று புதன்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். ஹாலின் நடுவில் ஃபேன் பாயின்ட்டுக்கு வயர் சேர்க்க வேண்டும். கட்டட வேலைக்கென்று வாங்கிய தற்காலிக போர்டிலிருந்துதான் ஹாலுக்கும் லைன் கொடுத்திருந்தார்கள். டைல்ஸ் வெட்டுகிற கட்டரும் அதில்தான் ஓடியது. பதுருன்னிசா டைல்ஸ்காரரிடம் சொல்லிவிட்டு, போர்டிலிருந்து மூன்று கட்டைகளையும் பிடுங்கித் தோள்பையில் போட்டுக்கொண்டாள். சண்முகப்ரியா ஏணியில் ஏறி டெஸ்டரை வைத்தாள். “இல்லக்கா, கரன்ட் இல்ல” என்றாள். வகுப்புப் பையன் ஒருவன் ஏணியைப் பிடித்துக்கொண்டான். பதுருன்னிசா வயர்ச் சுருள் எடுத்துவரப் பக்கத்து அறைக்குப் போனாள்.

அங்கே இருந்தபோது கொளஞ்சிநாதனின் குரல் கேட்டது.

“என்னய்யா எல்லாரும் கைய கட்டிக்கிட்டு நிக்கிறீங்க? தை மாசம் தெறப்பு விழா இருக்குது, தெரியுமா தெரியாதா?”

“கட்டைய எடுத்துட்டுப் போயிருக்காங்கங்க. மேல வேல நடக்குது” என்றார் டைல்ஸ்காரர்.

“கட்டை இல்லன்னா கம்பிய சொருவுய்யா! ரெண்டு நிமிஷ வேலைக்கு எங்கிட்ட கத சொல்லிக்கிட்டு...”

அடுத்து கட்டர் ஓடும் சத்தம் கேட்டது. பதுருன்னிசாவுக்கு ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லை. கை தானாகப் பைக்குள் போனது. மூன்று கட்டைகளும் இருந்தன. அவள் சுருளைப் போட்டுவிட்டு ஓடினாள். கதவருகே வரும்போதே சண்முகப்ரியா கீழே கிடந்தாள். ஏணி அவள் மேல் சாய்ந்திருந்தது. வலது கை விரல்கள் கருத்திருந்தன. அந்தக் கையின் மணிக்கட்டு வளையக் கூடாத பக்கம் வளைந்திருந்தது. போர்டுக்குப் பக்கத்தில், கையெட்டும் தூரத்தில், நடராசன் சார் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் கொளஞ்சிநாதன்.

போர்டில் கட்டை இருக்க வேண்டிய இடத்தில் மூன்று செப்புக் கம்பித் துண்டுகள் சொருகியிருந்தன. பதுருன்னிசா போனை எடுத்து அதைப் படம் பிடித்தாள். ஏன் பிடித்தாள் என்று அப்போது அவளுக்கே தெரியாது. பிறகு மெயினை அணைத்துவிட்டு சண்முகப்ரியாவிடம் ஓடினாள். மூச்சு இருந்தது.

சண்முகப்ரியாவை வேனில் தூக்கிப் போட்டார்கள், பதுருன்னிசாவை ஏற்றிக்கொள்ளவில்லை. “எடமில்ல” என்றார்கள். ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது சண்முகப்ரியாவை வார்டில் போட்டிருந்தார்கள். கட்டிலில் கிடந்த சீட்டைப் பதுருன்னிசா எடுத்துப் படித்தாள். கல்லூரிப் படிக்கட்டில் வழுக்கி விழுந்ததாக எழுதியிருந்தது.

வராந்தாவில் நடராசன் சார் நின்றார். அவள் சீட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இத யாரு சார் சொன்னது?”

அவர் தரையைப் பார்த்தார்.

“வெரலு கரிஞ்சி கெடக்குது சார்! எந்தப் படிக்கட்டுல வுழுந்தா வெரலு கரியும்?”

“மெதுவா பேசும்மா. தாளாளர்தான்... எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குது.”

“உள்ள கெடக்கறது யாரு புள்ள?”

அவரைப் போய் இத்தனை நாள் மரியாதையாக நினைத்தோமே என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. கொளஞ்சிநாதன் மேல் வந்த கோபத்தைவிட இது பெரிதாக இருந்தது. அவனுக்குக் கரன்ட் வேலை தெரியாது என்றாவது சொல்லலாம். இவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

மறுநாள் கல்லூரி அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். கொளஞ்சிநாதனும் நடராசன் சாரும் அங்கே இருந்தார்கள். மேஜையில் ஒரு கடிதம். மாணவி சண்முகப்ரியா சோதித்துப் பார்க்காமல், சொல்பேச்சு கேட்காமல், தன் கவனக்குறைவால் விபத்துக்கு உள்ளானார் என்று எழுதியிருந்தது. அதன் கீழே பதினான்கு கையெழுத்து. முதல் கையெழுத்து நடராசனுடையது. மற்றது வகுப்புப் பையன்கள். ஒருவன் மட்டும் இன்னும் வந்துசேரவில்லை.

“படிக்கட்டுல வழுக்கி வுழுந்தான்னு நேத்து சொன்னீங்க” என்றாள் பதுருன்னிசா. “இன்னிக்கு கரன்ட் அடிச்சதுன்னு ஒத்துக்கறீங்களா?”

“இது உள்ளுக்குள்ள வச்சிக்கறதுக்கு. நாளைக்கு யாராவது கேட்டா வேணும்ல?” கொளஞ்சிநாதன் பேனாவைத் தள்ளினார். “போடும்மா. ஆஸ்பத்திரி செலவெல்லாம் நாங்க பாத்துக்கறோம். ஒன் ஹால் டிக்கெட்டு இந்த மேஜையிலதான் இருக்குது. புருஷன் வெளிநாட்டுல இருக்கறாரு, நீ ஏன் தேவையில்லாத வம்புக்குப் போற?”

அவள் பையைத் திறந்து மூன்று கட்டைகளையும் அந்தக் கடிதத்தின் மேல் வைத்தாள். ஒவ்வொன்றாக.

“இது மூணும் என் பையில இருக்கறப்ப கரன்ட் எப்படி வந்துச்சு சார்?”

கொளஞ்சிநாதன் கடிதத்தைக் கட்டைகளுக்கு அடியிலிருந்து இழுத்தார்.

“நீங்க சொல்லுங்க” என்று நடராசனைப் பார்த்தாள். “நீங்கதான வாத்தியாரு. எப்படி வரும்னு சொல்லிக்கொடுங்க.”

“வெளிய போம்மா!” என்று கொளஞ்சிநாதன் எழுந்தார்.

“போறேன். இது மூணையும் எடுத்துக்கிட்டுத்தான் போவேன்.” கட்டைகளை வாரிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். கல்லூரி வாசலைத் தாண்டிய பிறகுதான் நின்றாள்.

சஹீருக்குப் போன் செய்து சொன்னாள். “ஊரே கையெழுத்து போட்டுட்டாங்கல்ல, நீயும் போட்டுட்டு வந்துடேன் பதுரு. நம்ம எதுக்கு” என்று அவன் ஆரம்பித்ததும் இணைப்பைத் துண்டித்தாள். அவன் நான்கு தடவை கூப்பிட்டான். எடுக்கவில்லை. கடைசியில் ஒரு செய்தி வந்தது: ‘சரி. ஒனக்கு சரின்னு படுறத செய். தனியா போவாத.’

ஆஸ்பத்திரியில் பச்சமுத்து மகளின் கட்டிலடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். பதுருன்னிசா போலீஸுக்குப் போக வேண்டும் என்றாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

“வேணாம்மா. காலேஜுக்காரங்க வந்து பாத்தாங்க. நல்லா பேசினாங்க. பெரிய மனுஷங்கள பகைச்சிக்கிட்டு நாளைக்கு இவளுக்கு ஒரு சர்டிபிகேட் வாங்க முடியுமா?”

“ஐயா, அவங்க எழுதி வச்சிருக்கறது ஒங்களுக்குத் தெரியுமா? ஒங்க பொண்ணு சோதிச்சிப் பாக்காம தொட்டுட்டான்னு எழுதியிருக்காங்க.”

அதுவரை கண்ணை மூடிக் கிடந்த சண்முகப்ரியா கண்ணைத் திறந்தாள்.

“யாரு சோதிக்கல?”

“அப்படித்தான் எழுதியிருக்குது.”

“நானா?” அவள் எழுந்து உட்காரப் பார்த்தாள். கட்டுப் போட்ட கை இடித்து முகம் சுளித்தது. “நான் டெஸ்டர வச்சி பாத்தேன்ப்பா. அக்கா கட்டைய எடுத்தாங்க, அதயும் என் கண்ணால பாத்தேன். எல்லாத்தயும் சரியாத்தான் செஞ்சேன். நான் சோதிக்கலன்னு எழுதறானா? போப்பா. இப்பவே போ. நீ போவலன்னா ட்ரிப்ப புடுங்கிட்டு நான் போவேன்.”

பச்சமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

முதலில் டியூட்டி டாக்டரிடம் போனார்கள். அவர் கருகிய விரல்களை மறுபடி பார்த்துவிட்டு, கொண்டுவந்து சேர்த்தவர் சொன்னதைத்தான் எழுதியதாகச் சொன்னார். சண்முகப்ரியாவிடமே கேட்டுத் திருத்தி எழுதி, காவல் நிலையத்துக்கும் தகவல் அனுப்பினார். காவல் நிலையத்தில் அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு பக்கமும் பேசி முடித்துக்கொள்ளச் சொன்னார். நான்கு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார். பதுருன்னிசா அசையவில்லை. பச்சமுத்து எழுந்திருக்கப் பார்த்த போதெல்லாம், “ஒக்காருங்க ஐயா” என்றாள். கடைசியில் போட்டோவைப் பார்த்த ஏட்டு ஒருவர், தானே டைல்ஸ்காரருக்குப் போன் போட்டார். அந்த மனிதர் வந்தார். “அவருதான் கம்பிய சொருவச் சொன்னாரு. நான்தான் சொருவினேன். பொண்ணு மேல நிக்குதுன்னு தெரிஞ்சே சொருவினேன்” என்று சொல்லி அங்கேயே அழுதார். புகார் பதிவானது.

அதற்குப் பிறகு மின் ஆய்வாளர் வந்து மண்டபத்தைப் பார்த்தார். இணைப்பைத் துண்டித்தார்கள். தை மாசத் திறப்பு விழா நடக்கவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது. கொளஞ்சிநாதன் முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு காரில் போய்வந்துகொண்டிருக்கிறார். கல்லூரியில் அந்தப் படிப்பை நிறுத்திவிட்டார்கள். மாணவர்களை வேறொரு மையத்துக்கு மாற்ற மூன்று மாதம் ஆனது. “ஒன்னாலதான்க்கா எங்களுக்கு லேட்டு” என்று பையன்களில் இரண்டு பேர் அவள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவர்களையும் அவள் சும்மா விடவில்லை. “பொய்க் கையெழுத்து போட்ட கைதான ஒன்னுது? அது நல்லாத்தான இருக்குது? எழுதிக்க போ” என்றாள்.

சண்முகப்ரியாவின் மணிக்கட்டு கூடிவிட்டது. நடுவிரலும் மோதிர விரலும் மடங்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை இடது கையில் பிடித்துப் பழகிக்கொண்டிருக்கிறாள். தேர்வில் இருவரும் தேறினார்கள்.

பங்குனியில் ஒரு நாள் பிற்பகல், கதவு தட்டும் சத்தம் கேட்டுப் பதுருன்னிசா திறந்தாள். நடராசன் சார். இளைத்திருந்தார். கல்லூரி வேலையை விட்டுவிட்டாராம். கடலூரில் ஏதோ கம்பெனியாம்.

“மின் ஆய்வாளர்கிட்ட நடந்தத நடந்தபடி எழுதிக் கொடுத்துட்டேன்ம்மா. கோர்ட்டுலயும் வந்து சொல்லுவேன்.”

“சொல்லுங்க.”

“அன்னிக்கு என் கை போர்டுகிட்டதான் இருந்துச்சு. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். தூக்கம் வர மாட்டேங்குது. என்னை மன்னிச்சிடும்மா.”

உள்ளே வாங்க என்று அவள் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தவரை அப்படி நிற்க வைத்தது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

“சுட்டது என் கை இல்ல சார். எங்கிட்ட வந்து கேட்டா ஆச்சா? திட்டக்குடி பஸ்ஸு ஏறுங்க. அங்கேருந்து மங்களூருக்கு மாறுங்க. பச்சமுத்து வூடுன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. அவ முன்னாடி நின்னு சொல்லுங்க.”

“அவ முகத்த எப்படிம்மா பாக்கறது?”

“அது எனக்குத் தெரியாது சார்.”

அவர் படியிறங்கித் தெருமுனைக்கு நடந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பினாரா, கடலூர் ரயிலுக்கு ஜங்ஷன் பக்கம் திரும்பினாரா என்று அவள் பார்க்கவில்லை. கதவைச் சாத்தினாள். அடுப்பில் வைத்திருந்த சோறு அடிப்பிடித்துத் தீய்ந்துபோயிருந்தது. பாத்திரத்தைத் தொட்டிக்கு எடுத்துப்போய், கை வலிக்கும்வரை தேய்த்தாள். கோபம் குறையவில்லை.