இரண்டாவது கையெழுத்து

அழுத்தமானிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் அவனுக்கு ‘அரைக்கோடு’ என்று பெயர். முள் அரைக்கோடு விலகினாலும் கருவியைத் திருப்பி அனுப்பிவிடுவான். ஒரு மதிய வேளையில், மற்றவர்கள் சாப்பிடப் போனதும், அவன் கதவைத் தாழிட்டுவிட்டு, தபாலில் தருவித்த மூன்று வெற்றிடப் பம்புகளை மேசைமேல் எடுத்து வைத்தான்.

எட்டு மாதமாக அவனுடைய ஆண்குறி வளைந்துவந்தது. உள்ளே தழும்பு போன்ற தடிப்பு; பெய்ரோனி நோய் என்றார் மருத்துவர். வலி அடங்கிவிட்டது, வளைவு அடங்கவில்லை. பம்பு வைத்துத் தினம் இரு வேளை, பத்துப் பத்து நிமிடம் மெல்ல இழுத்துவந்தால் ஓரளவு நிமிரக்கூடும், உறுதி சொல்வதற்கில்லை என்றார். மானியும் அழுத்த வரம்பும் இல்லாத எதையும் வாங்கக் கூடாது என்பதை மட்டும் இருமுறை சொன்னார்.

வீட்டில் அவன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. முதுகுவலி என்று கூடத்தில் படுத்துக்கொண்டான். மனைவி பள்ளியில் கணித ஆசிரியை. அவள் கேள்வி கேட்பதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது. தழும்பைவிட அந்த மௌனம் வேகமாக இறுகிவந்தது.

முதல் பம்பில் மானி இல்லை. பச்சை விளக்கு எரிந்தது. எவ்வளவு அழுத்தத்துக்கு எரிகிறது என்பது அதற்கே தெரியாது. பைக்குள் போட்டான். இரண்டாவதில் அழகான மானி இருந்தது. நூற்றைம்பது என்று அது காட்டியபோது ஆய்வகத்தின் துல்லிய மானி நூற்றுத்தொண்ணூறு என்றது. அதையும் பைக்குள் போட்டான். மூன்றாவது கையால் அழுத்துவது, பார்க்க லட்சணமில்லாதது. ஆனால் முள் பிசகவில்லை. வரம்பைத் தாண்டியதும் வால்வு தானே திறந்தது. பொத்தானை அழுத்தினால் ஒரு நொடியில் சுழியம். ஐந்து முறை சோதித்தான்.

பழக்கதோஷத்தில் சரிபார்ப்புத் தாளையும் நிரப்பினான். ‘சோதித்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் கீழே இருந்த ‘சரிபார்த்தவர்’ கண்ணில் பட்டது. இரண்டிலும் ஒருவரே கையெழுத்திடக் கூடாது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் கருவி பயன்பாட்டுக்குப் போகாது. பத்தொன்பது ஆண்டுகளில் அந்த விதியை அவன் மீறியதில்லை. பக்கத்து மேசைக்காரர் நல்லவர்தான், ஆனால் ஓட்டைவாய். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

மாலையில் மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பம்பையும் தாளையும் அவள்முன் வைத்து, நின்றபடியே, முதல் மாதத்திலிருந்து வரிசையாகச் சொன்னான். அவள் தாளைக் கடைசி எண்வரை படித்தாள்.

“எட்டு மாசமா என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சிட்டிருந்தேன்.”

“உன்கிட்ட காட்டக் கூச்சமா இருந்துச்சு.”

“அரைக்கோடு தப்புன்னா கருவியைத் திருப்பி அனுப்புவீங்க, சரி. ஆளையுமா கூடத்துக்கு அனுப்புவாங்க?”

அவன் ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தைக் காட்டினான். கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்று பேனாவை நகர்த்தினான்.

“பாக்காம எந்தத் தாளுக்கும் நான் மார்க் போட்டதில்ல,” என்றாள்.

குழாயின் வாயை உள்ளங்கையால் அடைத்துப் பம்பை இயக்கினாள். முள் ஏறியது. பொத்தானை அழுத்தினாள், இறங்கியது. உள்ளங்கையில் சிவந்த வளையத்தைப் பார்த்துவிட்டு மீண்டும் செய்தாள். மூன்றாம் முறைக்குப் பிறகு சிவப்பு மையில் கையெழுத்திட்டாள்.

பிறகு தாளைத் திருப்பி, அளவுகோல் வைத்துப் பன்னிரண்டு வாரத்துக்குக் கட்டம் போட்டாள்.

“காலைல ஆறு மணி. நான் கடிகாரம் பாக்கறேன்.”

அவன் கூடத்திலிருந்த தலையணையை எடுத்துவரப் போனான்.