வலது டேங்க்

மகள் பொற்கொடி கூடத்தில் ஃப்ரீசர் பெட்டிக்குள் கிடக்க, அம்சவல்லி அடுக்களைக்குள் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். பிணம் எடுக்காத வீட்டில் எவளாவது அடுப்பு மூட்டுவாளா? பதினாறாம் பிளாக் சுரங்கக் குவார்ட்டர்ஸ் சனம் மொத்தமும் எட்டி எட்டிப் பார்த்தது.

முதலில் ஓடிவந்தவர் சிங்காரவேலு, அவள் செத்துப்போன புருசனின் அண்ணன்.

"ஏம்மா, புத்தி கெட்டுப் போச்சா? துக்க வூட்ல அடுப்ப மூட்டிக்கினு இருக்க?"

"இருங்க மாமா. இவருக்கு ஒரு வாய் காப்பி வெச்சுக் குடுத்து, ஒண்ணு கேக்கணும்."

இவர் என்றது ஜாஸ்பரை. பொற்கொடிக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். உடலோடு வந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுக்களைச் சுவரோரம் நின்றார். பெட்ரோல் இருந்தும் அவள் விமானம் எஞ்சின் நின்று விழுந்துவிட்டதாம், காலையிலிருந்து இதே பேச்சு. அது எப்படி என்று மட்டும் ஒருத்தரும் சொல்லித் தொலைக்கவில்லை.

"எம் பொண்ணு என்ன தப்பு பண்ணா சார்? மறைக்காம சொல்லுங்க."

ஜாஸ்பர் மேடைக்குக் கீழே இருந்த இரண்டு சிலிண்டர்களையும் பார்த்தார்.

"இதே மாதிரிதாம்மா. ரெக்கைக்கு ஒரு டேங்க். அரை மணிக்கொரு தடவ திருகி மாத்தணும். அன்னிக்குத் தனியா பறந்தா, மறந்துட்டா. எறங்க வரும்போது இடது டேங்க் காலி. வலதுல நிறைய இருந்துச்சு."

அம்சவல்லி குனிந்து ரெகுலேட்டரை மூடிக் கழற்றினாள். சுடர் சுருங்கி அணைந்தது. பக்கத்துச் சிலிண்டரில் மாட்டி, திருகி, மறுபடி பற்ற வைத்தாள்.

"அன்பு, எவ்ளோ நேரம் ஆச்சு?"

சின்ன மகள் அன்புக்கரசி, சுடர் அணைந்ததிலிருந்தே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இருபத்தாறு செகண்டும்மா."

"அவளுக்கு எவ்ளோ இருந்துச்சு சார்?"

"இருபதுகூட இல்லம்மா."

"மாத்துனாளா?"

"மாத்திட்டா. திருகு வலது பக்கந்தான் இருந்துச்சு, நானே பார்த்தேன். எஞ்சின் திரும்பப் பிடிக்கிறதுக்குள்ள தரை வந்துடுச்சு."

அம்சவல்லி "மாத்திட்டா, மாத்திட்டா" என்று இரண்டு தரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சிங்காரவேலு விடுவதாயில்லை. "ஒண்ண வாரிக் குடுத்தாச்சு. சின்னதும் அடுத்த மாசம் அதே படிப்புல சேரப் போவுதாமே! அனுப்ப மாட்டேன்னு பொணத்து மேல சத்தியம் பண்ணு. அப்பறந்தான் பாடைய தூக்குவோம்."

அம்சவல்லிக்கு வந்ததே ஆங்காரம்!

"உங்க தம்பி மைன்ஸ்ல தூங்கிக்கினே டம்பர் லாரி ஓட்டி, கவுத்துட்டுத்தான செத்தாரு? தப்பு அவருதுதான? அன்னிக்கு யார்கிட்ட சத்தியம் வாங்குனீங்க? மறு மாசமே உங்க பையன அதே மைன்ஸ்ல கான்ட்ராக்ட்டுக்குச் சேத்து வுட்டீங்களே! ஆம்பள தப்பு பண்ணா விதி, பொம்பள பண்ணா ஓட்டவே கூடாதா? நீங்க தூக்கலன்னா போங்க, எம் பொண்ண நானே தூக்கிக்கினு போறேன்."

சிங்காரவேலு தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். சற்று நேரத்தில் வெளியே மேளம் அதிரத் தொடங்கியது.

அன்புக்கரசி அடுப்பு மேடைக்கு முன்னால் போய்க் குனிந்தாள். ரெகுலேட்டரைக் கழற்றினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையால் தடவித் தடவியே மற்ற சிலிண்டரில் மாட்டிப் பற்ற வைத்தாள்.

அதுவரை கடிகாரத்தையே பார்த்திருந்த அம்சவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பத்தொம்பது" என்றாள்.