பூட்டிய இழுப்பறை

மருந்துக்கடையில் கூட்டம் குறையட்டும் என்று தையல்காரி மூன்று பேருக்கு வழிவிட்டாள். பிறகு கண்ணாடிப் பலகையின் மேல் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"கர்ப்பம் தரிக்காம இருக்க அவசரத்துக்குப் போடுற மாத்திரை..."

கடைக்காரர் தைலப் புட்டிகளை நேராக்கினார். அவை ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன. "அதுக்கு டாக்டர் சீட்டு வேணும்மா."

வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. உடனே இன்னொன்று வந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். நேற்று ஆணுறை கிழிந்துவிட்டது. மூன்று நாளுக்குள் மாத்திரை போட வேண்டும். அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

சுகாதார நிலையத்துக்கு நடந்தாள்.

"இதுக்கு எதுக்கும்மா சீட்டு? கடையிலயே குடுப்பாங்களே," என்றாள் நர்ஸ்.

"கடையில கேக்குறாங்க சிஸ்டர்."

நர்ஸ் பேனா மூடியைக் கடித்தாள். "அப்போ விதி மாறிடுச்சோ என்னவோ. எங்ககிட்ட மாத்திரை தீந்துபோச்சு. டாக்டரும் நாளைக்குத்தான் வருவாரு."

இரண்டு கட்டடங்களும் ஒன்றையொன்று கைகாட்டின. நடுவில் நின்றவளுக்கு, தான்தான் எதையோ தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று தோன்றியது.

"நான் போய்க் கேக்கட்டுமா?" என்றான் கணவன், அன்று ராத்திரி வீட்டில்.

"நீ போனா மட்டும் சீட்டு முளைச்சிடுமா?"

மறுநாள் டாக்டர், "சீட்டே தேவையில்லையே," என்று சொல்லிக்கொண்டே எழுதிக் கொடுத்தார். கடைக்காரர் சாவியெடுத்து இழுப்பறையைத் திறந்தார். உள்ளே தூக்க மாத்திரைகளுக்குப் பக்கத்தில் அந்தச் சின்னப் பெட்டிகள் இருந்தன.

"சீட்டு தேவையில்லைன்னு டாக்டரே சொல்றாரு. நீங்க ஏன் கேட்டீங்க?"

"இந்த இழுப்பறையில இருக்கிறதெல்லாம் சீட்டுக்குத்தான்மா."

"அதுல இதை யாரு வெச்சது?"

கடைக்காரர் விழித்தார். பில் போடும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்கதான் தம்பி. கடை திறந்த புதுசுல, நாலு பேரு கண்ணுல பட்டா ஒரு மாதிரியா இருக்குன்னு உள்ள வெச்சீங்க. அப்புறம் மறந்துட்டீங்க. நானும் அது சட்டம்னு நெனச்சு எத்தனையோ பொண்ணுங்களைத் திருப்பி அனுப்பிட்டேன்."

அவர் விதிப் பட்டியலைத் தேடி எடுத்து இருமுறை படித்தார். சீட்டு கேட்க வேண்டிய மருந்துகளில் அது இல்லை. பெட்டிகளை எடுத்துத் தைலத்துக்குப் பக்கத்தில் அடுக்கினார்.

தையல்காரி அங்கேயே தண்ணீர் வாங்கி மாத்திரையை விழுங்கினாள். "கேக்குமா?"

"கேக்கணும்... நேத்தே போட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

"நேத்தே வந்தேனேண்ணே."

அவர் மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார். மாதவிலக்கு வருமா என்று அடுத்த மூன்று வாரமும் நாட்களை எண்ணப்போகிறவள் அவள்தான். படியிறங்கப் போனவள் நின்று திரும்பினாள்.

"உங்க கூச்சத்தை வேணா உள்ள வெச்சுப் பூட்டிக்குங்க. மருந்து வெளிய இருக்கட்டும். நீங்க வெக்கப்பட்டு முடிக்கிற வரைக்கும் எங்க உடம்பு காத்துக்கிட்டு இருக்காது."