மாலையோடு ஓடிவந்த அண்ணன்

"அவ உள்ள கெடந்து செத்தாலும் கதவைத் தொறக்கக் கூடாது. என்னட்டி, காதுல விழுதா?"

சொல்லிவிட்டு ஆவுடையப்பன் இலையை ஒரு விரலால் தட்டினார். ரசம் வேண்டுமாம். கோமதியம்மாள் ஊற்றினாள். கூடத்தை ஒட்டிய பருத்திக்கொட்டை அறையில் மகள் முத்துத்தாய் அடைபட்டு மூன்று நாளாகிறது. சோறும் தண்ணீரும் ஜன்னல் வழியாகப் போகின்றன. பூட்டின் சாவி அப்பாவின் மடியில் இருக்கிறது.

பெண் செய்த குற்றம் ஒரு கடிதம். விசைத்தறிப் பட்டறைகளில் மிஷின் பழுது பார்க்கிற தாவீதுக்கு எழுதியது. தங்கமான பையன், ஆனால் வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், அதற்கும் மேலே கீழத்தெருக்காரன். அது போதாதா ஆவுடையப்பனுக்கு?

"சின்னப் புள்ள. எடுத்துச் சொன்னா கேட்டுக்கிடுவா" என்றாள் கோமதியம்மாள்.

அவர் சிரித்தார். ரசத்தை உறிஞ்சிக்கொண்டே, நாளைக்கு உழவு போடுவதைப் பற்றிப் பேசுகிறவர் மாதிரிச் சாவகாசமாகச் சொன்னார்.

"கேக்கலன்னா என்ன? ஊருக்கு ஒரு சாமி இருக்கு, இன்னொண்ணு உண்டாக்கிருவோம். பக்கத்துலயே எடம் கெடக்கு. பாட்டுக் கட்ட ஆளா இல்ல?"

கரண்டி ரசச்சட்டியின் விளிம்பில் மோதி நின்றது. அந்தப் பேச்சின் அர்த்தம் அந்த வீட்டில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். சொன்னவருக்கும் கேட்டவளுக்கும்.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் பிச்சம்மாள் காளிராஜ் கதை தெரியாதவர்கள் யார்? நடந்தது ஐம்பத்து நாலில், இப்போது எண்பத்திரண்டு. இருபத்தெட்டு வருஷத்துக்குள் அது முந்நூறு வருஷத்துக் கதை போல ஆகிவிட்டது. மேலநீலிதநல்லூரிலிருந்து ராயகிரி வரை கோயில் கொடை நடக்கிற ஊரெல்லாம் வில்லுப்பாட்டில் அந்தக் கதைதான். காதல் என்றால் இதுவல்லவா காதல் என்று படித்தவர்களும் மெச்சினார்கள். கல்யாணமாகாத பெண்கள் பிச்சம்மாளுக்கு எழுப்பிய கிணற்றடியம்மன் கோயிலுக்கு வந்து மஞ்சள் கயிறு கட்டிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு போனார்கள்.

கதை இதுதான். ஆவுடையப்பனின் தங்கை பிச்சம்மாளுக்கும் கீழத்தெரு காளிராஜுக்கும் காதல். வீடு ஒப்பாது என்று பயந்து, இருவரும் முந்தானையால் இடுப்போடு இடுப்பு சேர்த்துக் கட்டிக்கொண்டு வயக்காட்டுக் கிணற்றில் விழுந்தார்கள். அண்ணனோ மனசு மாறி, இரண்டு மாலைகளை வாங்கிக்கொண்டு வரப்பெல்லாம் ஓடிவந்தார். ஒரு நிமிஷம் பிந்திவிட்டார். பாவம்!

பாட்டு அந்த இடத்துக்கு வந்தால் கூட்டமே அழும். செத்தவர்களுக்காக அழுததைவிட அண்ணனுக்காக அழுததுதான் அதிகம். ஆவுடையப்பனும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார். வருஷா வருஷம் சாமி கழுத்து மாலையை எடுத்து அவர் கழுத்தில்தான் போடுவார்கள்.

அமரக் காதலாம். பிச்சம்மாள் கல்லானது கோயிலுக்குள்ளே. காளிராஜ் கல்லானது மதிலுக்கு வெளியே, எருக்கஞ்செடிக்குப் பக்கத்தில். கீழத்தெருச் சாமி உள்ளே வரலாமா? சாவில் சேர்ந்துவிட்டார்கள் என்று பாடிவிட்டு, கல்லைப் பிரித்து நட்ட ஊர் இது. காளிராஜின் தம்பி சண்முகையா ஒவ்வொரு கொடைக்கும் அந்த வெளிக்கல்லுக்குப் பக்கத்தில் நின்றேதான் பாட்டுக் கேட்பார்.

மறுநாள் கொடை. ஆவுடையப்பன் சாப்பிட்டுப் போன அதே பிற்பகலில் வில்லுக்காரி சுந்தரம்மாள் வெற்றிலைத் தட்டோடு பின்கட்டுக்கு வந்தாள். அவள் அப்பா பாடிய பாட்டு இது. அவருக்குத் தொண்டை போனதால் இந்த வருஷம் முதல்முறையாக இவள் பாடப் போகிறாள். வருவது சடங்குக்காக. கொடைக்கு முதல் நாள் வில்லுக்காரர் பிச்சம்மாள் வீட்டுக்கு வந்து, "கதையில கூட்டணுமா, குறைக்கணுமா?" என்று கேட்க வேண்டும். வீட்டுச் சுமங்கலி வெற்றிலை கொடுத்துப் பதில் சொல்ல வேண்டும். ஆண்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது. அவள் சொன்னது அம்மன் சொன்னதற்குச் சமம். இந்தச் சடங்கை உண்டாக்கியதே ஆவுடையப்பன்தான். கதைக்கு வீட்டுப் பெண்ணே சாட்சி என்று ஊர் நம்பட்டும் என்று.

இருபத்தெட்டு வருஷமாகக் கோமதியம்மாள் சொன்ன பதில் ஒன்றுதான்: 'போன வருசம் மாதிரியே பாடுங்க.'

சுந்தரம்மாள் கேட்டாள். கோமதியம்மாள் வெற்றிலையைக் கையில் எடுத்தாள். கொடுக்கவில்லை.

"கூட்டணும்" என்றாள்.

"என்னக்கா சொல்லுதிய?"

"கூட்டணும், கொறைக்கவும் செய்யணும். இங்கன ஒக்காருட்டி. நெறைய இருக்கு."

உட்கார்ந்தவளிடம் முதலில் ஒரு கேள்வி கேட்டாள். "பிச்சம்மாளுக்கு நீச்சல் தெரியும்னு ஒங்கப்பா எங்கயாவது பாடியிருக்காரா?"

"இல்லியே."

"அந்தக் கெணத்துல எனக்கு நீச்சல் சொல்லிக் குடுத்தவளே அவதான். பதினெட்டு வயசுல இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தேன். மதினி மதினின்னு என்னையே சுத்திக்கிட்டுக் கெடப்பா. மேல ஏறி நின்னு தலகீழாக் குதிப்பா. தெருவுக்கே தெரியும். குதிச்சா மெதக்கிற புள்ள எப்படிச் செத்தான்னு ஒரு நாதி கேட்டுதா? விசாரிக்க வந்தவங்களும் காதல்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாவ."

சுந்தரம்மாள் வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நெருங்கி உட்கார்ந்தாள்.

"சாகவா போறேன் மதினி, பொழைக்கப் போறேன்னா. எங்கிட்ட ரெண்டு சேலையும், சீப்பும், ஒரு சோப்பும் வாங்கிக் கெட்டிக் குடுத்து வச்சிருந்தா. ராஜபாளையத்துல மில்லு வேலைக்கு அவன் சொல்லி வச்சிருந்தான். வாடகை வீட்டுல அடுப்பு எந்த மூலையில போடுததுன்னு ரெண்டு பேருக்கும் சண்ட வேற. காவியமாவது ஒண்ணாவது! சோறு பொங்கித் திங்க ஆசப்பட்ட ரெண்டு பிள்ளேளு. வயக்காட்டுக் கெணத்தடியில சந்திச்சு, அங்கருந்து பகல் பஸ்ஸுக்குப் போகணும்னு ஏற்பாடு."

அடுத்து வருவதுதான் அவளை இருபத்தெட்டு வருஷமாகத் தின்றது.

"எடத்தைச் சொன்னவ நான். இவரு கற்பூரத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணுனாரு. நானே மாலை போட்டுக் கூட்டிட்டு வாரேன்னாரு. புதுப் பொண்டாட்டி, நம்பித் தொலைச்சேன். மாலை வாங்கிட்டுத்தான் போனாரு, அது நெசம். தண்ணி எறைக்கிற கமலை வடக்கயித்தையும் எடுத்துட்டுப் போனாரு. பின்னாலயே நானும் ஓடுனேன். மாலை போடுத மாதிரிச் சேத்து நிக்க வச்சு, அந்த வடத்தால ரெண்டு பேரையும் கட்டி, உசுரோட தள்ளுனாரு. மாலையை அதுக்குப் பொறவு மேல போட்டாரு. பொணத்தை எடுத்தப்ப வடத்தை அவுத்துட்டு முந்தானையைச் சுத்துனாரு. வாயத் தொறந்தா மூணாவதா நீதான்னாரு."

சுந்தரம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை, கோபம்தான் இருந்தது. "அந்த அண்ணனுக்காகவாக்கா நான் சின்னப்புள்ளையில இருந்து அழுதேன்? எங்கப்பனைப் பொய் பாட வச்சே தொண்டையக் கெடுத்தாவளா?"

"நாளைக்கு நெசத்தைப் பாடு. எம் பேரையும் சேத்துப் பாடு. அன்பான மதினின்னு பாடாத, காட்டிக் குடுத்தவன்னு பாடு."

"அடிச்சே கொன்னுருவாவ."

"மங்களம் பாடுத வரைக்கும் ஒம்மேல ஒரு கை படாது. வில்லு தொட்டா மங்களம் பாடாம நிறுத்தக் கூடாதுங்கறது அவரு போட்ட சட்டம்லா. மழையில ஒங்கப்பன் நனைஞ்சுக்கிட்டே பாடுனது ஞாபகம் இருக்கா?"

"மங்களத்துக்குப் பொறவு?"

"அதுக்குள்ள ஊரே கேட்டிருக்குமே."

சுந்தரம்மாள் கையை நீட்டினாள். கோமதியம்மாள் வெற்றிலையைக் கொடுத்தாள்.

கொடை நாள். குளித்துவிட்டுப் பட்டு வேட்டி கட்டிய ஆவுடையப்பன், மடியிலிருந்த சாவியை எடுத்து மனைவியிடம் நீட்டினார். சாமி மாலை ஏற்கிறவர் உடம்பில் குண்டூசி இரும்புகூட இருக்கக் கூடாது. வேறு யாரிடம் கொடுப்பார்? இருபத்தெட்டு வருஷம் வாய் திறக்காதவளைவிட நம்பிக்கையான பூட்டு எது?

"பத்திரம்" என்றார்.

"நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

அவர் தெருமுனை திரும்பியதும் கதவைத் திறந்தாள். முத்துத்தாய் பருத்திக்கொட்டைச் சாக்கின்மேல் சுருண்டு கிடந்தாள். கோமதியம்மாள் ஒரு மூட்டையை அவள் மடியில் வைத்தாள். இரண்டு சேலை, சீப்பு, ஒரு சோப்பு.

"சொல்லி விட்டிருக்கேன், தாவீது பஸ் ஸ்டாண்டுல நிக்கான். ராஜபாளையம் பஸ் ரெண்டு மணிக்கு. ஓடு."

"எம்மா, அப்பா ஒங்களைச் சும்மா விடுவாவளா?"

"நானும் அவரைச் சும்மா விடப் போறதில்ல. போ மக்கா. எந்தக் கெணத்தடிக்கும் போவாத, நேரா பஸ்ஸுக்குப் போ."

மத்தியானக் கொடை களைகட்டியிருந்தது. பந்தலில் இடமில்லை. ஆவுடையப்பன் பிச்சம்மாள் கல்லுக்கு முன்னால் மனையில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் சாமி மாலை. மாலை விழுந்தால் மங்களம் பாடும்வரை எழுந்திருக்கக் கூடாது. அதுவும் அவர் போட்ட சட்டம்தான். கோமதியம்மாள் பெண்கள் வரிசையில் முன்னால் உட்கார்ந்தாள்.

வில் ஒலித்தது. சுந்தரம்மாள் கம்பீரமாகப் பாடினாள். காதல் வந்தது, கண்ணீர் வந்தது. வழக்கமான இடத்தில் பெண்கள் முந்தானையை எடுத்துத் தயாரானார்கள். ஆவுடையப்பனும் துண்டை எடுத்தார்.

"ஓடிவந்தான் அண்ணன்காரன்
கையில் ரெண்டு மாலை" என்று பாடியவள், வீசுகோலால் வில்லில் ஓங்கி அடித்து, அடுத்த அடியைப் போட்டாள்.

"தோளில் என்ன, தாய்மாரே?
கமலைக் கிணத்து வடம்!"

பின்பாட்டுக்காரர்கள் ஒவ்வொரு அடிக்கும் 'ஆமா' போட வேண்டும். இதற்கு அவர்கள் வாய் வரவில்லை.

"ஆமா" என்றாள் கோமதியம்மாள்.

எல்லாத் தலையும் திரும்பியது. சுந்தரம்மாள் பாடினாள். நீச்சல் தெரிந்த பெண் என்றாள். "ஆமா." பிழைக்கப் போனவள் என்றாள். "ஆமா." சத்தியத்தை நம்பி இடத்தைச் சொன்னவள் கூடப்பிறந்தவன் பெண்டாட்டி, அவள் பேர் கோமதி என்றாள். அதற்கும் "ஆமா" என்றாள். அதை மட்டும் கொஞ்சம் உரக்கவே சொன்னாள். உயிரோடு கட்டித் தள்ளினான் என்ற அடிக்கு, ஒரு பெண் அல்ல, பின்னாலிருந்து நாலைந்து பெண்கள் சேர்ந்து 'ஆமா' போட்டார்கள். பிச்சம்மாளோடு அந்தக் கிணற்றில் குதித்து விளையாடியவர்கள் அவர்கள்.

"நிறுத்துட்டி, மூதேவி!" ஆவுடையப்பன் கத்தினார். எழுந்திருக்கப் பார்த்தார்.

"இரியும்வே" என்றார் பக்கத்திலிருந்த பங்காளி ஒருவர், அவர் தோளை அழுத்தி. "மங்களம் பாடாம நிறுத்துனா ஊரு அழிஞ்சு போவும்னு நீருதான சொன்னீரு? மாலையோட எந்திரிக்கக் கூடாதுல்லா?"

மதிலுக்கு வெளியே நின்ற சண்முகையா உள்ளே வந்தார். எல்லையாகக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி, பந்தலைத் தாண்டி, ஆவுடையப்பனுக்கு நேர் எதிரே வந்து நின்றார். போ என்று சொல்லவும் அன்று யாருக்கும் வாயில்லை.

கதை முடிந்தது. சுந்தரம்மாள் மங்களம் எடுக்கும் முன் கோமதியம்மாளைப் பார்த்தாள். கோமதியம்மாள் தலையை அசைத்தாள். இன்னும் வேண்டாம். சரி என்று சுந்தரம்மாள் மறுபடி வடத்திலிருந்து ஆரம்பித்தாள். இரண்டாம் தடவை பின்பாட்டுக்காரர்களுக்கும் வாய் வந்துவிட்டது. ஆவுடையப்பன் மாலைக்குள் வியர்த்து வழிந்துகொண்டு, தன் கதையைத் திரும்பவும் முழுக்கக் கேட்டார். கோமதியம்மாள் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் அவள் வயிறு குளிர்ந்தது அன்றுதான்.

ராஜபாளையம் பஸ் கரிவலம் தாண்டியிருக்கும் என்று தோன்றியபோது அவள் தலையை ஆட்டினாள். மங்களம் பாடியாயிற்று.

அவர் கழுத்து மாலையைக் கழற்ற வழக்கமாகப் பத்துப் பேர் போட்டி போடுவார்கள். அன்று ஒருவரும் வரவில்லை. மாலையோடு எழுந்து, தள்ளாடி மனைவியிடம் வந்தார்.

"சாவி எங்கட்டி?"

அவள் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "பூட்டு தொறந்துதான் கெடக்கு."

"எம் மவ எங்க?"

"பொழைக்கப் போயிருக்கா."

சுற்றிலும் ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. கோமதியம்மாள் அவர் கழுத்து மாலையைக் காட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"மாலை கழுத்துலதான கெடக்கு. ஓடுங்க. இந்தத் தடவ நெசமாவே பிந்திட்டிய."