எழுப்ப வேண்டாமென்று சொன்னது யார்?

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்குப் ‘பனிக்கட்டி’ என்று பெயர். பதினோரு வருஷமாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எதிர்முனையில் யார் எப்படி அலறினாலும் அவள் குரல் ஏறாது, இறங்காது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள் பேசிய பதிவுகளைத்தான் பாடமாகப் போட்டுக் காட்டுவார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை மேற்பார்வையாளர் தனியறைக்குக் கூப்பிட்டபோதும், பாடத்துக்கு இன்னொரு பதிவு அகப்பட்டிருக்கும் என்றுதான் நினைத்தாள்.

உள்ளே இன்னொரு பெண்மணியும் இருந்தார். நிர்வாகம் வைத்திருக்கும் மனநல ஆலோசகர்.

“நேத்து மத்தியானம் ரெண்டே முக்காலுக்கு ஒரு கால். ஞாபகம் இருக்கா மேடம்?” என்றார் மேற்பார்வையாளர்.

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்த ஒரு அம்மா. மகன் பேசினார். உடனே வண்டி அனுப்பிட்டேனே.”

“அனுப்பினீங்க. அதுல குறையே இல்ல. இதைக் கேளுங்க.”

பதிவில் அந்த மகனின் குரல் பதறியது. “பின்மண்டையில அடிங்க. விழுந்ததும் எழுந்து நல்லாத்தான் நடந்தாங்க. இப்ப தூங்குறாங்க, ஆனா குறட்டை வேற மாதிரி வருது. எழுப்பிப் பாக்கவா?”

நான்கு விநாடி சத்தமே இல்லை. பிறகு அவளுடைய குரல்.

“வேண்டாம். எழுப்பாதீங்க. தூங்கட்டும். யாரையும் உள்ள விடாதீங்க.”

தலையில் அடிபட்டவரைத் தூங்கட்டும் என்று விடக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும். முதல் நாள் பாடம் அது. அவளே எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

“அது நான் இல்ல,” என்றாள். மறுபடி போட்டார்கள். அவள்தான். ஆனால் குரல் மெலிந்து, பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல ரகசியமாக இருந்தது.

“நல்லவேளை, அந்தப் பையன் உங்க பேச்சைக் கேக்கல. எழுப்பிப் பாத்திருக்கார், எழும்பலன்னதும் ஒருக்களிச்சுப் படுக்க வெச்சிருக்கார். ராத்திரியே ஆபரேஷன் ஆச்சு. பிழைச்சுட்டாங்க.”

“கேட்டிருந்தா?”



மேற்பார்வையாளர் பதிவை நிறுத்தினார். “வெள்ளிக்கிழமை விசாரணை. வேலைப்பளு, அசதின்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. நான் பேசி முடிச்சுடறேன்.” சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஆலோசகர் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார். “‘யாரையும் உள்ள விடாதீங்க.’ இது இந்த வேலையில சொல்ற வார்த்தையா?”

“இல்ல.”

“உங்க அம்மா இருக்காங்களா?”

“எனக்கு ஒன்பது வயசுல தவறிட்டாங்க. கீழ விழுந்து தலையில அடி. நான் ஸ்கூல்ல இருந்தேன்.” வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல வந்தது.

“ஸ்கூலுக்கு யார் வந்து சொன்னாங்க? யார் கூட்டிட்டுப் போனாங்க?”

அவள் யோசித்துப் பார்த்தாள். அந்த வருஷத்து வகுப்பு டீச்சரின் மூக்குக்கண்ணாடி ஞாபகமிருந்தது. பாவாடையைக் கிழித்த பெஞ்சு ஆணிகூட ஞாபகமிருந்தது. அந்த ஒரு நாள் மட்டும் துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

“நானா எதையும் சொல்ல மாட்டேன். தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கேளுங்க,” என்றார் ஆலோசகர்.

அண்ணன் இருந்தான். ஐந்து வயது மூத்தவன், கண்ணாடி வெட்டும் கடை வைத்திருக்கிறான். அவள் நேராக அங்கே போனாள். ஜன்னல் கண்ணாடி ஒன்றை மேசையில் கிடத்தி அளவெடுத்துக்கொண்டிருந்தான்.

“என்ன பாப்பா, வேலை நேரத்துல?”

“அம்மா செத்த அன்னைக்கு நான் எங்க இருந்தேன்?”

“ஸ்கூல்ல. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்.”

“அதான் கேக்கறேன். நான் கேக்காமலே எத்தனை தடவை சொல்லியிருக்கே?”

அவன் கையிலிருந்த அளவுகோல் அசையாமல் நின்றது. பிறகு எழுந்துபோய்க் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தான்.

“உனக்கு அன்னைக்குக் காய்ச்சல். வீட்டுலதான் இருந்தே.”

அவன் திரும்பவும் ஸ்டூலில் உட்கார்ந்தான். “நான் நாலு மணிக்கு வந்தேன். நீ ரூம் கதவுல சாஞ்சு காலை நீட்டி உக்காந்திருந்தே. வாயில விரலை வெச்சு, ‘அம்மா கீழ விழுந்துட்டாங்க, தலைவலியாம், தூங்கறாங்க, யாரையும் உள்ள விடாதேன்னு சொல்லியிருக்காங்க’ன்னே. ஆறு மணிக்கு அப்பா வந்துதான் கதவைத் திறந்தார். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்துது.”

“அதனால என்னைக் காப்பாத்தப் பொய் சொன்னியா?”

“உனக்காகத்தான்னு அப்பாகிட்டயும் எல்லார்கிட்டயும் சொன்னேன். அவங்களும் அதையே சொன்னாங்க.” அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “உள்ள இருந்து குறட்டை கேட்டுச்சு பாப்பா. அம்மா அப்படிக் குறட்டை விட்டதே இல்ல. எனக்குப் பதினாலு வயசு. ஏதோ சரியில்லன்னு தெரிஞ்சுது. நீ வேண்டாம்னதும், விட்டது தொல்லைன்னு பந்தை எடுத்துக்கிட்டு ஓடிட்டேன். நீ ஸ்கூல்ல இருந்தேன்னு சொல்லிட்டா, அந்தக் கதவுகிட்ட யாரும் இல்லேன்னு ஆயிடும். யாரும் இல்லேன்னா, நானும் எதையும் கேட்டுட்டுப் போகலேன்னு ஆயிடும்.”

அவள் அவன் தோளில் ஓங்கி அடித்தாள். இரண்டாவது அடிக்குக் கை எழவில்லை. ஷட்டருக்கடியில் குனிந்து வெளியேறினாள்.

பஸ் நிறுத்தத்தில் மூன்று பஸ்கள் வந்து போயின. அம்மாவின் முகம் வரவில்லை, குரல் வரவில்லை. கெண்டைக்காலில் தரையின் சில்லிப்பு மட்டும் வந்தது. அதோடு பெருமையும் வந்தது. அம்மா தன்னை நம்பி ஒரு வேலை கொடுத்திருக்கிறாள், அதைச் சரியாகச் செய்கிறோம் என்று ஒரு குழந்தைக்கு இருந்த பெருமை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை விசாரணையில் மூன்று பேர் இருந்தார்கள். ‘வேலைப்பளு காரணமாக’ என்று தொடங்கும் கடிதத்தை மேற்பார்வையாளரே தயாராக அடித்து வைத்திருந்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அவள் அதைத் தள்ளி வைத்தாள்.

“எனக்கு அசதி எதுவும் இல்ல சார். அந்த வார்த்தையை நான் ஒன்பது வயசுல கத்துக்கிட்டேன். எனக்குள்ள அது இருக்குன்னே இந்த வாரம்தான் தெரியும். இனிமே வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. அப்படிச் சொல்ல முடியற வரைக்கும் என்கிட்ட ஹெட்போனைக் குடுக்காதீங்க.”

“நான் முடிச்சுத் தரேன்னேனே, மேடம்,” என்று மேற்பார்வையாளர் முணுமுணுத்தார்.

ஆறு மாதம் வண்டிப் பொறுப்புக்கு மாற்றினார்கள். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எதற்கு டயர் மாற்ற வேண்டும் என்று பார்க்கிற வேலை. பாடத்துக்கு வைத்திருந்த பதிவுகளையும் எடுத்துவிட்டார்கள். வலித்தது. ஆனால் தூக்கம் வந்தது.

அண்ணன் தினமும் போன் செய்தான். பன்னிரண்டு நாள் எடுக்கவில்லை. பதிமூன்றாம் நாள் எடுத்தாள்.

“சாப்பிட்டியா?” என்றான். விசாரணையையும், வாராவாரம் ஆலோசகரிடம் போய்வருவதையும் அவள் சொன்னதும் கேட்டான்: “நீ போறியே, அந்த டாக்டரம்மா... என்கிட்டயும் பேசுவாங்களா?”

அவளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அதைச் சொன்னாள். “இருக்கட்டும், நியாயந்தான்,” என்றான் அவன்.

“வியாழக்கிழமை நாலு மணி. வந்து சேரு.”

வியாழக்கிழமை அவள் போனபோது அவன் முன்னமே வந்து, சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவன்போல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். அவள் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள்.